பிக்கப் வண்டிகளின் டீசல் எஞ்சின்: சக்தி கூடினால் ஆயுள் குறையுமா?

குலை ஏற்றும் குத்தகையாளர், சுங்கை சிப்புட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி, குலை வாங்கிச் சேகரிக்கும் ரேம்பில் கொண்டு சேர்ப்பது என் தொழில். என்னிடம் இப்போது இரண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புகள் ஓடுகின்றன. பழையது 2.5 லிட்டர் எஞ்சினில் 102 குதிரைத்திறன் தருவது, புதியது 2.8 லிட்டர் எஞ்சினில் 204 குதிரைத்திறன் தருவது. கொள்ளளவு சற்றே கூடியிருக்க, சக்தி இரு மடங்காகிவிட்டது. இதைக் காரணம் காட்டி, புதிய எஞ்சின் பழையதைப் போல உழைக்காது என்று காப்பிக் கடையில் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

நான் கண்டது வேறு. லாசா சாலையிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் செம்மண் ஏற்றத்தில், பாரம் ஏற்றிய பழைய வண்டி இரண்டாம் கியரில் மிதியை அடிவரை அழுத்தினால்தான் ஏறும். அதே பாரத்தைப் புதியது பாதி மிதியிலேயே ஏற்றிவிடுகிறது. ஒவ்வொரு நடையிலும் தன் முழுச் சக்தியைச் செலவழிக்கும் எஞ்சினைவிட, பாதியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஓடும் எஞ்சின் ஏன் முன்னதாகத் தேய வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஓட்டுநர்கள் அந்தக் கையிருப்பை வெகுநாள் விட்டுவைப்பதில்லை. தொட்டியின் பக்கங்களில் பலகை அடித்துக் கூடுதல் குலை ஏற்றுகிறார்கள். ஏற்றம் வந்தாலும் கியரைக் குறைப்பதில்லை. மற்றவர்கள் தங்கள் வண்டிகளில் கண்டதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

டீசல் பட்டறை வைத்திருப்பவர், ஈப்போ

தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரியே. ஆயினும் தொழிற்சாலை கூட்டித் தந்த சக்தியையும், பிறகு வெளியில் பணம் கொடுத்துக் கூட்டிய சக்தியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகு, ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கணினியின் நிரலை மாற்றினால், டீசலும் மிச்சமாகும், இழுவையும் கூடும் என்ற பேச்சை நம்பிப் பலர் தங்கள் பழைய வண்டிகளின் நிரலை மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிய ஒரு 2.5 லிட்டர் வண்டி, மூச்சு வாங்குவதாகவும் எஞ்சின் எண்ணெயைக் குடிப்பதாகவும் என்னிடம் வந்தது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் தலையில், எரிகலக் குழியின் விளிம்பிலிருந்து பிஸ்டன் முள் இருக்கும் திசையை நோக்கி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கண்ணுக்கு மயிரிழை போலத்தான் தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. பக்கத்துப் பிஸ்டனில் வெடிப்பு இல்லை, ஆனால் கூராக இருக்க வேண்டிய குழி விளிம்பு உருகி மழுங்கியிருந்தது.

காரணம் வெப்பம்தான். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று பழகியவர்களுக்கு டீசல் நேர்மாறாக நடப்பது வியப்பாக இருக்கும். டீசலில் எரிபொருளைக் கூட்டக்கூட, புகைபோக்கிக்குப் போகும் வாயுவின் வெப்பம் ஏறுகிறது. உள்ளே வரும் காற்று எரித்து முடிக்கக்கூடிய அளவைத் தாண்டி டீசலைத் தெளித்தால், ஒரு பகுதி கரும்புகையாகிறது. மற்றொரு பகுதி பிஸ்டன் கீழிறங்கும் நேரத்திலும் எரிந்துகொண்டே இருக்கிறது. பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். அதற்கு வெகு முன்பே அதன் வலு குறைந்துவிடும். அது தாக்குப்பிடிப்பதெல்லாம் அடியிலிருந்து பீய்ச்சப்படும் எஞ்சின் எண்ணெயின் தயவால்தான். சாலையில் கரும்புகை கக்கிச் செல்வதைப் பெருமையாக நினைப்பவர்கள், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல் வீணாவதைத்தான் ஊருக்குக் காட்டுகிறார்கள்.

தொழிற்சாலை இதே 2.5 லிட்டர் எஞ்சினை 102இலிருந்து 144 குதிரைத்திறனுக்கு உயர்த்தியபோது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும், இறக்கைகளின் கோணம் மாறும் டர்போவையும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் சேர்த்தே கொடுத்தது. 2.8 லிட்டர் எஞ்சினை 2020இல் 177இலிருந்து 204க்குக் கொண்டுபோனபோது பெரிய டர்போவைப் பொருத்தியது. அமெரிக்கப் பெரிய பிக்கப்புகளிலும் இதே கதைதான். 1989இல் டாட்ஜ் வண்டியில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது, 2019இல் 6.7 லிட்டர் எஞ்சின் 400ஐத் தொட்டபோது, சாதாரண வார்ப்பிரும்பு பிளாக்கை விட்டுவிட்டு அதைவிட வலுவான கம்பாக்டட் கிராஃபைட் வார்ப்பிரும்புக்கு மாறினார்கள். ரீமேப் செய்து தருபவர் மடிக்கணினியை மட்டும்தான் கொண்டுவருகிறார். பிளாக்கையோ ரேடியேட்டரையோ கொண்டுவருவதில்லை.

சிறிய எஞ்சினில் பெரிய சக்தி என்ற போக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் 2.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் 213 குதிரைத்திறன் தந்தது, அதாவது லிட்டருக்கு நூறைத் தாண்டியது. தம்பியின் பழைய ஹைலக்ஸில் அது நாற்பதுதான். அவற்றை மோசமான எஞ்சின்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட அலட்சியத்தை அவை பொறுப்பதில்லை. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது, காற்று வடிகட்டியைத் தட்டிவிட்டு மீண்டும் பொருத்துவது, சேறு அப்பிய ரேடியேட்டரோடு மலையேறுவது போன்ற பழக்கங்கள் உள்ளவர் குறைந்த சக்தியுள்ள பெரிய எஞ்சினையே வாங்கட்டும்.

தோட்டத்து வண்டிகளைக் கவனிக்கும் கிராணி (எழுத்தர்), கோலகங்சார்

பட்டறைக்கார அண்ணன் வெப்பத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால், நான் எஞ்சின் எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி பொருத்திய வண்டி ஒன்றை எங்கள் தோட்டத்துக்குள் மேற்பார்வைக்காகப் பயன்படுத்துகிறோம். அது தோட்டத்தின் ஒரு டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) மற்றொன்றுக்கு ஊர்ந்து போவதும், நிற்பதும், மீண்டும் கிளம்புவதுமாகவே நாளைக் கழிக்கிறது. ஒருநாள் அளவுகோலை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் கொழகொழப்பு இல்லை, டீசல் வாடை அடித்தது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. எரிப்பு முடிவதற்குள் நாம் சாவியைத் திருப்பி நிறுத்திவிட, அடுத்த முறை அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட எரிபொருளும் கலந்திருக்கிறது. அதன் கொதிநிலை அதிகம் என்பதால், சாதாரண டீசலைப் போல அது சூட்டில் எளிதில் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. நாம் வெட்டி அனுப்பும் குலையே சுற்றி வந்து நம் வண்டியின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது என்று மண்டோரிடம் (கங்காணியிடம்) வேடிக்கையாகச் சொல்வேன். இப்போது எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். கரி எரிப்பு இடையில் நிற்காமல் முடியட்டும் என்று, வாரம் ஒரு முறை அந்த வண்டியை ஈப்போ வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவரச் சொல்கிறோம். அதன்பின் எண்ணெய் மட்டம் ஏறவில்லை.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

கியரைக் குறைக்காமல் ஏறுவதைப் பற்றித் தம்பி எழுதியதை யாரும் எடுத்துப் பேசாததால் நான் சொல்கிறேன். பழைய 2.5 லிட்டரின் முறுக்குவிசை 260 நியூட்டன் மீட்டர், புதிய 2.8 லிட்டரின் தானியங்கிக் கியர் வண்டியில் அது 500. இரண்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 சுற்றிலேயே கிடைக்கத் தொடங்குகின்றன. அப்படியானால் அந்தக் குறைந்த சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனையும் கீழே தள்ளும் அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுற்று குறைவாக இருக்கும்போது பேரிங்கில் எண்ணெய்ப் படலமும் மெல்லியதாக இருக்கும். தண்ணீர் பம்பும் மெதுவாகவே சுற்றும். நான் லாரி ஓட்டிய காலத்தில் ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, சுற்றை இரண்டாயிரத்துக்கு மேல் வைத்துக்கொண்டுதான் ஏறுவோம். எஞ்சின் சத்தம் போடுவதைக் கேட்டு அது கஷ்டப்படுவதாக இளம் ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். சத்தமில்லாமல் முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் அது கஷ்டப்படுகிறது.

டீசல் பட்டறை வைத்திருப்பவர், ஈப்போ

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விற்பதற்கு முன் நிரலைப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள் என்பதால் கணினியில் பார்த்து ரீமேப்பைக் கண்டுபிடிப்பது கடினம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வைத்துப் பாருங்கள். மூடி துள்ளினாலோ, புகை விட்டுவிட்டு உந்தி வந்தாலோ, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.