ஒரு கைப்பேசி, மூன்று உறுப்பினர்: இணையவழிப் பொதுக்கூட்ட அனுபவங்கள்

சுன்னாகம் பக்கத்துச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றின் செயலாளர்

2021 செப்டெம்பர். இலங்கை முழுவதும் கொரோனா ஊரடங்கு. எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. கணக்காய்வு முடிந்த ஐந்தொகை, அதாவது சங்கத்தின் சொத்து, பொறுப்புக் கணக்கு, மூன்று மாதமாக என் மேசையில் கிடந்தது. பொதுச்சபை கூடாமல் பங்கிலாபம் அறிவிக்க முடியாது. அறிவிக்காமல் கொடுக்கவும் முடியாது. "தம்பி, சூமில் வைப்போமே. என் பேரன் பள்ளிக்கூடம் போவதே அதில்தானே" என்றார் தலைவர். அவருக்கு 71 வயது. தயங்கியது நான்தான்.

தயக்கத்துக்குக் காரணம் சங்கத்தின் உள்விதியான உபவிதி. அதில் 'சமூகமளித்த உறுப்பினர்கள்' என்றுதான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1972 ஆம் ஆண்டினது. திரையில் முகம் தெரிந்தால் அது சமூகமளித்ததாகுமா என்று அன்றைக்கு யார் யோசித்திருப்பார்கள்? ஆகவே கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தோம். எடுக்கும் தீர்மானங்கள் யாவும் அடுத்த நேரடிக் கூட்டத்தில் உறுதிப்படுத்தப்படும் என்று கூட்டறிக்கையிலும் எழுதிவைத்தோம். இன்று என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், உபவிதியைத் திருத்திவிட்டுச் செயலியைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தேவாரம், மௌன அஞ்சலி, தலைவர் உரை ஆகியவற்றுக்கே 32 நிமிடம் போய்விடும் என்பதுதான் தெரியாது. திரும்பி வராதென்று கருதும் கடன்களுக்கு ஒதுக்கிய தொகைக்கு வந்து, பொருளாளர் 'அறவிடமுடியாக் கடன் ஒதுக்கம்' என்று வாயெடுத்த இடத்தில் கூட்டம் அறுந்தது. அது திட்டமிட்டுச் செய்த வேலை என்று இன்றும் நம்பும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் திரும்ப அழைத்துச் சேர்க்க இன்னொரு அரை மணித்தியாலம் போனது.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. வாக்கெடுப்பு அப்படியில்லை.

பணிப்பாளர் சபையில் ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேர் நின்றார்கள். திரையில் வரும் வாக்குப் பெட்டியைத் தட்டச் சொன்னோம். 22 க்கு 19. வாழ்த்துச் சொல்லத் தலைவர் தொண்டையைச் செருமும்போது, தோற்றவருடைய மனைவி ஒலியைத் திறந்தார். "எங்கள் வீட்டில் மாமியும் சேர்ந்து மூன்று உறுப்பினர், ஒரு கைப்பேசி. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். என் பதிவேட்டைப் பார்த்தேன். பெயர் கூப்பிட்டு நான் வரவு குறித்தவர்கள் 63 பேர். விழுந்த வாக்கு 41. வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசமோ மூன்று. செயலி எண்ணியது கருவிகளை. நாங்கள் எண்ணவேண்டியது ஆட்களை. சாதாரணத் தொலைபேசி அழைப்பில் சேர்ந்த சில மூத்தவர்களுக்கு அந்தப் பெட்டியே தெரியவில்லை என்பதும் அப்போதுதான் வெளிவந்தது.

முடிவை அங்கேயே இரத்துச் செய்தோம். ஊரடங்கு எடுத்த பிறகு, சங்கக் கட்டடத்தில் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டுக் கடதாசியில் வாக்கெடுத்தோம். வென்றவர் அதே ஆள்தான். ஆனால் இம்முறை தோற்றவர் வந்து கைகொடுத்தார். உங்கள் சங்கங்களில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

நெடுந்தீவு, உறுப்பினர்

செயலாளர் சொல்வது நியாயம். ஆனாலும் நேரடிக் கூட்டம் என்றால் எல்லாம் சரி என்பதுபோல ஒரு தொனி அதில் இருக்கிறது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் இருக்கும் சங்கத்தின் கூட்டம் யாழ்ப்பாண நகரில் நடக்கும். எங்கள் தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு, அங்கிருந்து பஸ். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தூக்கினால் படகே இல்லை. காற்று விட்டாலும் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால், 'ஏனைய விடயங்கள்' வருவதற்கு முன்னமே நாங்கள் எழும்பிவிடுவோம். சண்டை வருவதும், உண்மை வருவதும் அந்தப் பகுதியில்தான். இணையவழியில் வைத்த ஆண்டில்தான் ஒரு கூட்டத்தின் நன்றியுரையை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

எங்களுக்கும் ஒரே கைப்பேசிதான். சமிக்ஞை கிடைக்கும் ஒரு வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ் 11 பேர் வாங்கில் குந்தியிருந்தோம். செயலியின் கணக்கில் நாங்கள் 'ஒருவர்'. எங்களில் ஒருவர் எழும்பி, 11 பெயரையும் அங்கத்துவ இலக்கத்தோடு வாசித்தார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டிச் சொன்னோம். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். "நேரம் போகிறது" என்றார் தலைமை வகித்தவர். வருடாவருடம் எங்களுக்குப் போன நேரத்தை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு பழைய மாணவர் சங்கத்தின் உதவிச் செயலாளர், யாழ்ப்பாணம்

எங்களுடையது கூட்டுறவு அல்ல. ஆனால் சந்தா கட்டிய உறுப்பினர்தான் எஜமான் என்ற வகையில் அதே தலையிடி. ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். இங்கே மாலை 6.30 என்றால் ரொறன்ரோவில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2, மெல்பேர்ணில் இரவு 11. மெல்பேர்ண்காரர் கொட்டாவியோடு வாக்களித்தார்கள், வேறு வழியில்லை.

அது 2022. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்திருந்த காலம். ஆகவே மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, ஒரே நேரத்தில் இருளாத இரண்டு பகுதிகளில் இருந்த இருவரைக் கூட்டம் நடத்த வைத்தோம். ஒருவர் வீடு இருண்டால் மற்றவர் கையில் கூட்டம் இருக்கும். அது அழகாக வேலை செய்தது. வேலை செய்யாதது வழிமொழிதல். கடல் தாண்டி வந்த "வழிமொழிகிறேன்" சில விநாடி பிந்தி அடுத்த தீர்மானத்தில் விழுந்தது. இரண்டு பேர் ஒன்றாக வழிமொழிந்து, "நீங்கள் சொல்லுங்கள்", "இல்லை, நீங்கள்" என்று உபசரித்துக்கொண்டார்கள். இப்போது முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்களை முன்னதாகவே எழுத்தில் வாங்கிவிடுகிறோம்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற ஆசிரியை

நடத்துபவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். நடத்தப்பட்டவள் நான்.

கணக்கறிக்கையில் அறவிடமுடியாக் கடனுக்கான ஒதுக்கம் முந்திய ஆண்டைவிட இரண்டு மடங்காகியிருந்தது. மண்டபத்தில் என்றால் எழுந்து நின்று கேட்பேன். பதில் வரும்வரை என்னை இருத்த ஒருவராலும் முடியாது. அன்று எல்லோருடைய ஒலியையும் அடைத்து வைத்திருந்தார்கள், சத்தம் வருகிறதாம். எழுதிக் கேட்கச் சொன்னார்கள், எழுதினேன். அதற்கு மேலே "வணக்கம்", "வாழ்த்துகள்", கூப்பிய கைகள் என்று முப்பது செய்திகள் வந்து விழுந்தன. என் கேள்வியை யாரும் வாசிக்கவில்லை. "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடி பொறுத்தார்கள். ஒலியைத் திறக்கும் பொத்தானைத் தேடிப் பிடிக்க எனக்கு ஐந்து விநாடி வேண்டும். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிவிட்டார்கள்.

1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை தொடங்கிய கதையை வகுப்பில் எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன். பங்கு எத்தனையானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதை எங்கள் ஊர்ச் சங்கக்கடைத் திண்ணையில் இருந்தவர்களுக்குக்கூட விளக்கத் தேவையிருக்கவில்லை. கூட்டுறவாளர் ஒருவரின் பெயரை நகரத்தின் பெரிய மண்டபத்துக்கு வைத்த ஊர் இது. வீரசிங்கம் மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு விநாடிதான் நினைவுக்கு வருகிறது.

சுன்னாகம், செயலாளர்

ரீச்சர் எழுதியதை வாசித்துவிட்டுப் பழைய கூட்டறிக்கையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் 2021 அறிக்கையிலும் 'ஏகமனதாக' நாலு இடத்தில் இருக்கிறது. அதில் எத்தனை ஏகமனது, எத்தனை அடைத்த ஒலி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது மண்டபமும் திரையும் சேர்ந்தே நடக்கிறது. தேர்தல் மட்டும் கடதாசியில். நெடுந்தீவு அன்பர் சொன்னதுபோலப் பெயர் வாசிப்பு உண்டு. ஒரு வீட்டில் எத்தனை உறுப்பினர் என்பதை அழைப்புக் கடிதத்தோடேயே கேட்டு எழுதிக்கொள்கிறோம். எழுத்தில் வரும் கேள்விகளைப் பணிப்பாளர் சபையில் இல்லாத ஒருவர் உரத்து வாசிப்பார். "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டபின் தலைவர் மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். அவருக்கு அது பெரிய தண்டனை.

அப்படி எண்ணிய முதல் ஆண்டில், பதினேழோ பதினெட்டோ ஆகியிருக்கும், திரையிலிருந்து ஒரு நடுங்கிய குரல் வந்தது. "தம்பி, நான் பேசுவது கேட்கிறதா?" கேட்கிறது என்றோம். "போன பொதுக்கூட்டம் சூமில்தானே நடந்தது. அப்படியிருக்க, கூட்டச் சிற்றுண்டிச் செலவு என்று கணக்கில் எப்படி வந்தது?"

பொருளாளர் கோப்பைத் தேடி எழும்பினார். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது.