பொம்மை உள்ளே தெரியும் சோப்பு: குழந்தைகளுக்குப் பரிசளிக்க உதவி தேவை

கேள்வி (காரைக்குடியிலிருந்து)

வணக்கம். அடுத்த மாதம் என் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு வரும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும், உள்ளே சிறு பிளாஸ்டிக் மீன் தெரியும்படி சோப்பு செய்து, ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்க விரும்புகிறேன். கை கழுவச் சொன்னால் ஓடுகிற பிள்ளைகள்கூட மீனை வெளியே எடுக்கும் ஆசையில் தினமும் கழுவுவார்கள் அல்லவா? கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி நேற்று ஒன்று செய்து பார்த்தேன். மீன் மேலே மிதந்துவிட்டது, முகப்பெல்லாம் குமிழிகள், நிறத்துக்காகப் போட்ட மஞ்சள்தூள் அடியில் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து முதலிலிருந்தே காய்ச்சுவதுதான் நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. எதைச் செய்யட்டும்?

பதில் 1 (ஆத்தங்குடிப் பக்கம்)

எங்கள் ஊரில் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடியின்மேல் முதலில் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல்தான் மணலும் சிமெண்டும் போடுவார்கள், அடியில் இருந்த பக்கமே பிறகு முகமாகிறது. சோப்பு அச்சிலும் அப்படித்தான். கட்டியைச் சிறு துண்டுகளாக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 முதல் 65 டிகிரிக்குள் மெதுவாக உருக்குங்கள். கொதிக்கவிட்டாலும் வேகமாகக் கலக்கினாலும் குமிழி வரும். அரை அச்சு ஊற்றி, பால் ஆடைபோல் மேலே படிந்ததும் மீனை முகம் கீழாக மெல்ல அழுத்தி வைத்து, மீதியை 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் கீழடுக்கு இளகி மீன் மறுபடி மிதக்கும். இரண்டு அடுக்குக்கும் இடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை (கிருமி நீக்கப் பயன்படும் ஆல்கஹால்) தெளித்தால் குமிழி உடைவதோடு அடுக்குகளும் பிரியாமல் ஒட்டும். அடுப்பை அணைத்த பிறகே தெளியுங்கள், எளிதில் தீப்பற்றக்கூடியது. மஞ்சள்தூள் நீரில் கரையாது என்பதால் அடியில் படியத்தான் செய்யும். சோப்புக்கென்று விற்கும் நீல நிறத்தில் ஓரிரு சொட்டு போதும், மீன் குளத்து நீரில் நிற்பதுபோல் இருக்கும்.

பதில் 2 (தேவகோட்டை)

ஆச்சி சொல்வது நல்ல சோப்புக்கான வழிதான், ஆனால் இந்தப் பரிசுக்கு ஒத்துவராது. காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அந்த வேலையைத் தொட வேண்டும். காய்ச்சாமல் ஊற்றும் முறையில் அந்தச் சோப்பு பதப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கட்டியும் வெள்ளையாக இறுகிவிடுவதால் உள்ளே இருக்கும் மீன் தெரியாது. நீங்கள் உருக்கும் கட்டியிலோ, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாக மாறும் வினை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பதில் 3 (கானாடுகாத்தான்)

பேரப்பிள்ளைகளுக்குச் செய்த அனுபவத்தில் சொல்கிறேன். மைசூர்பாகு அச்சில் ஊற்றிக் கொடுத்ததை ஒரு பிள்ளை கடித்துவிட்டது. அன்றிலிருந்து தின்பண்ட வடிவம் எதையும் செய்வதில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை உள்ள வீட்டுக்குப் பொம்மை வைத்த சோப்பு வேண்டாம்: சோப்பு கரைந்ததும் மீன் வாய்க்குத்தான் போகும். வாசனை எண்ணெய் 100 கிராமுக்கு அரை கிராமைத் தாண்ட வேண்டாம். இன்னொன்று, கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து வியர்ப்பதுபோல் முத்து முத்தாகக் கசியும். ஆகவே அச்சிலிருந்து எடுத்த உடனே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, அதன் பிறகு கொட்டானில் வையுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை மீண்டும் செய்தேன். மீனின் கண்ணும் செதிலும் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் இரண்டு வீடுகளுக்கு மட்டும், பொம்மை இல்லாமல் நீலமும் வெள்ளையுமாக அடுக்கி ஊற்றப்போகிறேன்.