புதுப்பிப்பு: மாவுப் பாக்கெட்டுக்கு லோகோ தயார், அச்சுக்கு மட்டும்தான் செலவு

தர்மபுரியில் எங்கள் மகளிர் குழு விற்கும் கேழ்வரகு, சாமை மாவுக்குக் காசில்லாமல் லோகோ செய்வது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லோகோ தயாராகிவிட்டது.

கைகொடுத்தது, "காகிதத்தில் வரைந்து இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் செய்யுங்கள்" என்ற யோசனைதான். இங்க்ஸ்கேப் ஓர் இலவச வரைகலை மென்பொருள்; டிரேஸ் என்றால் போட்டோவில் உள்ள படத்தைக் கணினியில் கோட்டு வடிவமாக மாற்றுவது. குழுவில் கோலம் நன்றாகப் போடும் அக்கா ஒருவர் கறுப்பு மார்க்கரால் கேழ்வரகுக் கதிர் வரைந்தார். மடக்கிய விரல்கள் மாதிரி இருக்கும் அந்தக் கதிர் சின்ன ஸ்டிக்கரிலும் தெளிவாகத் தெரிகிறது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து இங்க்ஸ்கேப்பில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தேன். எழுத்துக்கு மீரா இனிமை ஃபான்ட். கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் இலவசம்.

கேன்வா என்ற ஆன்லைன் டிசைன் தளத்தைச் சொன்னவர்களுக்கு: அதில் தயாராக இருக்கும் ஸ்டாக் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அதன் உரிமம் இடம் தருவதில்லை. நாங்கள் பின்னால் பதிய நினைக்கிறோம். டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், மாவு 30ஆம் வகுப்பில் வரும். சிறு நிறுவனங்கள் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

எதிர்பாராத சிக்கல் அச்சகத்தில் வந்தது. அவர்கள் கணினியில் கோப்பைத் திறந்ததும் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்துகளை வடிவமாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்படி மாற்றினால் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் மாற்றுவதற்கு முந்தைய எஸ்விஜி கோப்பை (இங்க்ஸ்கேப் சேமிக்கும் மூலக் கோப்பு) தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.