பதவி உயர்வு வரவில்லை, நான் தோற்றுவிட்டேனா?

கேள்வி: சுவீடனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கூடப் படித்தவர்கள் அமெரிக்காவில் மேனேஜர் ஆகிவிட்டார்கள். நான் சேர்ந்த அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் இருக்கிறேன். தினமும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தும் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கே தப்புப் பண்ணுகிறேன்?

பதில்: தம்பி, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் எனக்குச் சந்தேகம். வந்த புதிதில் நானும் ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் அனுப்புவேன், மேலதிகாரி பார்த்து மெச்சட்டும் என்று. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டுக்குத் தயாராகப் போனேன். காபியை என் முன்னால் நகர்த்திவிட்டு, "வேலையை அதிகமாகக் கொடுத்துவிட்டேனா? வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்றார். என் உழைப்பு அவர் கண்ணுக்கு நோயாகத் தெரிந்திருக்கிறது!

பக்கத்து மேசைக்காரர் மூன்று மணிக்கெல்லாம் மகளைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார். குழுத் தலைவர் பொறுப்பு தேடி வந்தபோது, "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று சொல்லிவிட்டார். முன்னேறத் தெரியாத மனிதர் என்று உள்ளுக்குள் பரிதாபப்பட்டேன். மற்றவர்கள் அவரைத்தான் வாழத் தெரிந்தவர் என்று நினைக்கிறார்கள் என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. இங்கே ஒரு பிள்ளைக்கு 480 நாள் பெற்றோர் விடுப்பு. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே, 90 நாள் அம்மாவுக்கென்றே ஒதுக்கியது. பிள்ளைக்கு 8 வயதாகும் வரை வேலை நேரத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. சம்பளமும் அந்த அளவுக்குக் குறையும், அதுவும் தெரிந்தேதான் எடுக்கிறார்கள். 'லாகோம்' என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். அளவாக, போதுமான அளவுக்கு என்று அர்த்தம்.

ஹீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். போட்டி, சாதனை, பதவி ஆகியவற்றுக்கு ஒரு சமூகம் எவ்வளவு எடை தருகிறது என்பது அதில் ஒரு அளவுகோல். ஜப்பானுக்கு 95, அமெரிக்காவுக்கு 62, சுவீடனுக்கு 5. நாட்டின் சராசரிதான், அதை வைத்து எதிரே இருக்கும் ஆளை எடை போடாதே. ஆனால் உன் நண்பர்கள் ஓடுவதும் நீ ஓடுவதும் ஒரே பந்தயம் இல்லை என்பதற்கு இது போதும்.

அதற்காக நாளையே மூன்று மணிக்குக் கிளம்பு என்று சொல்லவில்லை. அளவோடு இரு என்று அறிவுரை சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் கடன் இருப்பதில்லை. உனக்கு இருந்தால் சம்பளம்தான் முதல் கணக்கு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: கடன் இருக்கிறது அண்ணா. ஆனால் மேனேஜர் வேலை பிடிக்குமா என்று யோசித்ததே இல்லை. எல்லாரும் ஆகிறார்களே என்றுதான்.

பதில்: அப்படியானால் கேட்க வேண்டியது பதவியை அல்ல, சம்பளத்தை. வருடாந்திரச் சம்பளப் பேச்சில் எத்தனை மணி நேரம் உழைத்தாய் என்று ஆரம்பிக்காதே. குழு முடித்த வேலையைச் சொல், அதில் உன் கை எங்கே பட்டது என்று சொல், அப்புறம் தொகையைச் சொல். வாயைத் திறக்காமல் இருந்தால் உனக்கு இதுவே போதும் போல என்று விட்டுவிடுவார்கள். பேச்சு என்றைக்கு? தேதி தெரிந்ததும் எழுது, அதற்கு முந்தின வாரம் ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்ளலாம்.