கிளை கணிப்பு: ஜெம்5 தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்

பெங்களூருத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். ஆய்வுக்காக ஜெம்5 என்ற செயலி சிமுலேட்டரில் ஜிஷேர் பிராஞ்ச் பிரெடிக்டரை (நிரலில் வரும் கிளை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே கணிக்கும் பகுதி) எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1993-இல் மெக்ஃபார்லிங் சொன்ன முறைதான்: கிளை ஆணையின் முகவரியையும் முந்தைய கிளைகளின் வரலாற்றையும் எக்ஸார் (பிட் பிட்டாகச் சேர்க்கும் கணக்கு) செய்து, வரும் எண் காட்டும் இடத்து 2 பிட் கவுன்டரைப் பார்ப்பது. டிரேஸ் (ஏற்கெனவே ஓடிய நிரலின் பதிவு) வைத்து ஓட்டினால் கணக்கு ஒழுங்காக வருகிறது. ஓ3 மாடலில் (ஆணைகளை வரிசை மாற்றி, கணிப்பை நம்பி முன்னோடும் செயலி மாடல்) போட்டால் தவறான கணிப்புகள் எகிறுகின்றன.

டிரேஸில் சரியான பாதை மட்டும்தானே இருக்கும். ஓ3-இல் தப்பான பாதையில் போன கிளைகளும் வரலாற்றில் ஏறிவிடும். ஸ்குவாஷ் ஆகும்போது (தப்பான பாதையின் ஆணைகளைத் தூக்கி எறியும்போது) பழைய வரலாறு அப்படியே திரும்பி வருகிறதா? அதில்தான் சந்தேகம். அதை எந்த இடத்தில், எப்படிச் சோதிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எண்ணைச் சரிக்கட்டுவது எனக்கு முக்கியமில்லை, காரணம் புரிய வேண்டும்.

அல்சூர், இந்திராநகர் பக்கம் இருந்தால் சனிக்கிழமை லேப்டாப்போடு நேரிலேயே வருகிறேன்.