வாரம் இருமுறை பரத வகுப்பு: வளரும் பெண்ணுக்கு இந்த உடற்பயிற்சி போதுமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையைப் பெரும்பாலும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது, மாலையில் டியூஷன். வாரம் இருமுறை செல்லும் பரதநாட்டிய வகுப்பைத் தவிர அவளுக்கு வேறு உடலுழைப்பு இல்லை. அதை நிறுத்திவிட்டுப் பேட்மிண்டனில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். மகளோ நாட்டியத்தை விடுவதாக இல்லை. என்ன செய்யலாம்?

பதில் (உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்):
சகோதரி, நிறுத்த வேண்டாம். நடனம் உடற்பயிற்சிதான், இடைவிடாமல் எவ்வளவு நேரம் ஆடுகிறாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி அதில் இடம்பெற வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டி நிலையில், பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அசைவான தட்டடவை மூன்று காலத்திலும் (மெதுவான முதல் வேகம் தொடங்கி மூன்று வேகங்களில்) ஆடினால் தொடைத் தசைக்கும் கால் எலும்புக்கும் நல்ல வேலை கிடைத்துவிடும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும்தான் குறை விழுகிறது. ஏனெனில் முத்திரையைத் திருத்துவதிலும், தன் முறைக்காகக் காத்திருப்பதிலும் வகுப்பு நேரம் கரைந்துவிடும். ஒருநாள் உடனிருந்து கவனியுங்கள். ஆடும்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான பயிற்சி. இரண்டொரு சொல்லுக்குமேல் பேச முடியாவிட்டால் கடும் பயிற்சி. வகுப்பில்லாத நாட்களில் வீட்டிலேயே அடவுகளை நிறுத்தாமல் ஆடச் சொல்லுங்கள்.

பதில் (வள்ளி கும்மி பயிற்றுநர், சங்ககிரி):
கும்மியில் காத்திருப்பு என்பதே கிடையாது. வட்டத்தில் ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் மோதிக்கொள்வார். பாட்டு வேகமெடுக்கும்போது குனிந்து நிமிர்ந்து கைதட்டி நகர்ந்தால் வியர்த்துக் கொட்டிவிடும். விடுமுறை நாட்களில் சேர்த்துப் பாருங்கள். பரதத்துக்கு அது இடைஞ்சலாகாது.

பதில் (இயன்முறை மருத்துவர், ஏற்காடு):
மேலே ஆசிரியர் சொன்ன சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. முதல் காலத்திலேயே மூச்சு வாங்கினால் அதைக் கடும் பயிற்சி என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள், இரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரைமண்டியில் கால் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால்தான் அடிவாங்கும். வீட்டில் டைல்ஸ் தரையில் ஓங்கித் தட்ட விடாதீர்கள். மரப்பலகைத் தளம் கிடைத்தால் நல்லது.