புதுப்பிப்பு: எத்ரெத்தா ஓவியத்தில் கடல் சேறான காரணம்

பிரான்ஸின் நார்மண்டியிலுள்ள எத்ரெத்தா பாறைக்கரையை, பிரெஞ்சு ஓவியர் மோனே 1880களில் தீட்டிய பாணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகையில், என் கடல் சேற்று நிறமாகிவிடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் புலப்பட்டுவிட்டது: பாறைக்கான ஆரஞ்சு படிந்த தூரிகையையே ஈரமான அல்ட்ராமரின் நீலத்தின் மேலும் ஓட்டிக்கொண்டிருந்தேன், நிறச் சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் எதிர்நிறங்கள் கலந்தால் சாம்பல் நிறம்தானே மிஞ்சும்! இப்போது ஒவ்வொரு தீற்றலுக்குப் பின்னும் தூரிகையைத் துணியில் துடைத்து, அடுத்த நிறத்தைத் தேய்க்காமல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறேன். நிழலுக்குக் கறுப்பை விலக்கி, நீலத்தோடு அலிசரின் சிவப்பும் சிறிது வெள்ளையும் கலந்த ஊதாவை இட்டதும், சுண்ணப் பாறையில் வெயில் விழுந்தது போலாயிற்று. (த்ரூவில் என்ற ஊரின் கடற்கரையை மோனே 1870இல் தீட்டிய ஓவியத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன, என்னுடையதில் பூனை முடி.) அடிவானக் கோடு மட்டும் இன்னும் கத்தியால் வெட்டியது போலவே நிற்கிறது.